வெறுங்கையோடு அனுப்பாத களம்

மாங்குளம் ரயில் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டுக் கோச்சி காட்டுக்குள் புகுந்து மறைந்தது. மேடையில் நானும் என் குடையும் ஒரு தோல்பெட்டியும் மிஞ்சினோம். மலாயாவில், சிரம்பானில், மழை நாள்தோறும் பின்னேரம் வரும், கதவைத் தட்டும், போய்விடும். இங்கே பங்குனி வெயில் கேட்டுக் கேள்வி இல்லாமல் வந்து தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அது பிடித்திருந்தது. பல மாதங்களாக என்னைத் தொட்ட முதல் ஆள் அந்த வெயில்தான்.

வந்த காரியம் சின்னது. திங்கட்கிழமை துணுக்காயில் அரசாங்கக் காணிக் கந்தோருக்குப் போய், சட்டப்படி பெண்சாதி நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் வவுனிக்குளத்தின் கீழ் என் கணவர் காடு திருத்திய வயல் என்னுடையதாகும். அதில் கொட்டில் போட்டு இருக்கிற பெண்ணும் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் எழும்பிப் போக வேண்டும். அந்தப் பெண் என் கூடப்பிறந்த தங்கை யோகம்.

அவர் மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் மண்ணாசை பிடித்து இலங்கைக்கு வந்தார். நான் பள்ளிக்கூட வேலையை முடித்துக்கொண்டு பின்னால் வருவதாகப் பேச்சு. காட்டுக்குள் தனியாக இருக்கிறவருக்குச் சோறு பொங்க ஆள் வேண்டுமே என்று, யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவையும் கலியாணமாகாத தங்கையையும் அங்கே போய் இருக்கச் சொன்னவள் நான்தான். அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தா. அதற்குப் பிறகு அவருக்கும் அவளுக்கும் இடையில் நடந்தது ஊருக்கெல்லாம் தெரிந்து, கடைசியாக எனக்குத் தெரிந்தது. போன மாரியில் விடியற்புறம் வாய்க்கால் மறிக்கப் போனவரைப் பாம்பு தீண்டியது. அதையும் எல்லாம் முடிந்த பிறகே அறிவித்தார்கள். அறிவித்தவர் அவருடைய தமையன், என் பெரியத்தான். சாவும் காணியும் ஒரே தந்தியில் வந்தன.

எப்படி அழுவதென்று எனக்குத் தெரியவில்லை. செத்தவரை நினைத்து அழத் தொடங்கினால் ஏமாற்றியவர் வந்து முன்னால் நின்றார். ஏமாற்றியவரைத் திட்டத் தொடங்கினால் செத்தவர் வந்து நின்றார். என் பாஷையில் ஒரு சொல் தெரியாத அடுத்த வீட்டுச் சீனத்தி காலைதோறும் கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை வாசலில் குந்தியிருந்தாள். சொந்தக்காரர் தந்தி அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பெரியத்தானுக்குச் சொல்லிவிட்டுச் சனிக்கிழமையே வந்து இறங்கினேன். அவர் காட்டி நான் பார்க்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். இன்னொரு பிடிவாதமும் இருந்தது: தங்கை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

மல்லாவிக்குப் போகிற பஸ் கொஞ்சத் தூரம் ஒழுங்காகத்தான் ஓடியது. மலாயாவில் ரப்பர் மரங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையில் நிற்கும். இரண்டு நாளில் கண்ணுக்கு அலுத்துவிடும். இந்தக் காட்டு மரங்களோ திருவிழாச் சனம். பாலையின் தோளில் வீரை சாய்ந்திருக்கிறது, முதிரையின் இடுக்கால் ஏதோ ஒரு கொடி எட்டிப் பார்க்கிறது, எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தெருவரைக்கும் வந்துவிட்டன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ் கனைத்தது, வெள்ளையாக மூச்சு விட்டது, நின்றது. சாரதி இறங்கி மூடியைத் திறந்து பார்த்து, பிழை பஸ்ஸினுடையதல்ல, வெயிலினுடையது என்று தீர்ப்புச் சொன்னார். தண்ணீர் எடுக்கப் போனவர் போனவர்தான்.

சனம் மர நிழலில் பரவிக்கொண்டது. முள்ளிவாய்க்காலில் இருந்து கருவாட்டுக் கடகத்தோடு வந்த ஒரு அம்மா வாழையிலைச் சுற்றை அவிழ்த்துப் பாதிப் பிட்டை என் பக்கம் தள்ளினா. வேண்டாமென்று சொல்ல வாய் திறப்பதற்குள் ஒரு துண்டுச் சுட்ட கருவாடும் வந்து சேர்ந்தது. கேள்விகள் பிறகு வந்தன.

“ஆற்றை வீட்டை போறியள் பிள்ளை?”

“ஒருத்தற்றை வீட்டையும் இல்லை. காணி பாக்க.”

“காணியெண்டால் அதிலை வீடிருக்கும். வீடெண்டால் அதிலை ஆளிருக்கும். ஆளைச் சொல்லுறதுக்கு என்ன?”

நான் பிட்டைத் தின்றுகொண்டிருந்தேன். மலாயாவில் என்றால் இப்படிக் கேட்பது மரியாதையில்லை. இங்கே கேளாமல் விடுவதுதான் மரியாதையில்லை.

பஸ் எழும்பவில்லை. பின்னால் வந்த லொறி ஒன்று எங்களைக் கண்டு நின்றது. நெல் மூட்டை ஏற்றப் போகிற மீரான் காக்காவின் லொறி. முல்லைத்தீவு முஸ்லிம், எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன்; வெள்ளைத் தொப்பி, பெரிய சிரிப்பு. கருவாட்டு அம்மாவையும் என்னையும் முன்னால் ஏற்றிக்கொண்டு, கருவாட்டைப் பின்னால் போடச் சொல்லி மன்றாடினார். அவ மசியவில்லை. மல்லாவிச் சந்தையில் கடகமும் அவவும் இறங்கின பிறகும் மணம் எங்களோடு வந்தது.

யாருடைய நெல்லு என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“யோகம் தங்கச்சியின்ரை. பாவம், மனிசன் செத்துத் தனிய நிண்டு செய்யுது. தமையன்காரன் ஒருத்தன் எழுப்பப் பாக்கிறானாம். மலாயாவிலை ஒரு அக்கா இருக்கிறாவாம், அவவைக் கொண்டு எழுப்பப் போறானாம்.” தெருவைப் பார்த்தபடியே சொன்னார். “கூடப்பிறந்ததெல்லாம் உப்பிடியும் செய்யுமோ?”

அந்தக் கூடப்பிறந்தது அவருக்குப் பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தது. லொறி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பிற்று. நல்ல வேளை, இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்தது.

இறங்கியதும் நேரே களத்துக்குள் நடந்தேன். சூடு அடித்து, தூற்றி, நெல்லைக் கூம்பாகக் குவித்திருந்தார்கள். உச்சியில் ஒரு வேப்பங்கொப்புச் செருகியிருந்தது. சுற்றிவர ஏழெட்டு ஆட்கள். நான் சப்பாத்தும் காலுமாக, குடையும் பிடித்துக்கொண்டு, குவியலுக்கு முன்னால் போய் நின்றேன். என்னை ஏமாற்றிக் கட்டின வாழ்வு இதுதான் என்று பார்த்தேன். நான் மனதுக்குள் வளர்த்துவைத்திருந்த குவியல் இதைவிடப் பெரியது.

“இவ்வளவுதானா? முடிஞ்சுதா?” என்று கேட்டேன்.

களத்தில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். சுளகு பிடித்திருந்த ஒருவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார். களத்தை நடத்துகிறவர் கணபதியர். பக்கத்துக் காணிக்காரர், புங்குடுதீவில் இருந்து குடியேறினவர், வாய் நிறைய வெற்றிலை. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“ஆரது, களத்துக்கை நிண்டு உந்தக் கேள்வி கேக்கிறது? முதல் குடையை மடக்குங்கோ. காலிலை கிடக்கிறதைக் கழட்டுங்கோ.”

களத்தில் முடிந்ததா என்று கேட்கக் கூடாதாம். கேட்டால் நெல்லுக்குக் காது கேட்குமாம், முடிந்துவிடுமாம். குடை பிடித்தால் பொலிவு மறையும், செருப்போடு வந்தால் சீதேவி எழும்பிப் போவா. மூன்று பிழையையும் ஒரு மூச்சில் செய்து வைத்திருந்தேன். பெண்கள் களமிறங்கக் கூடாதென்று நாலாவதும் ஒன்று முன்பு இருந்ததாம். யோகத்துக்காக அதை அவரே விட்டுக்கொடுத்தாராம். ஒன்றை விட்டவர் மிச்சத்தை இரட்டிப்பாக இறுக்கிப் பிடித்திருந்தார்.

அப்போதுதான் குவியலுக்கு அந்தப் பக்கத்தால் யோகம் வந்தாள். தலைத்துண்டு, முகமெல்லாம் உமித்தூசு, கண் மட்டும் எங்கள் அம்மாவின் கண். என்னைக் கண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண் குஞ்சுகள்.

“அக்கா,” என்றாள். பிறகு, “வாங்கோ,” என்றாள். சின்ன வயதில் என்னை ‘வாடி’ என்று கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கினவள்.

மீரான் காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு லொறிப் பக்கம் திரும்பி நின்றார்.

பிழைக்குப் பரிகாரம் உண்டா என்று கேட்டேன். உண்டாம். களத்துக்கு வந்த ஆள் யாரென்றாலும், எதிரியென்றாலும், வெறுங்கையோடு போகக் கூடாது. களத்துக்காரி தன் கையால் அள்ளித் தர வேண்டும், வந்தவர் மடியில் வாங்க வேண்டும். வாங்கும்வரை மூட்டை கட்டக் கூடாது.

“எனக்கு ஒண்டும் வேண்டாம்,” என்றேன்.

“வேண்டாமெண்டு சொல்லுற இடமில்லை இது,” என்றார் கணபதியர்.

“நான் இவையிட்டை ஒண்டும் வாங்கிறேல்லை எண்டு நினைச்சு வந்தனான்.”

“அது உங்கடை நினைப்பு. இது நெல்லு.”

அந்த நேரம் பார்த்து கிழக்கே குளக்கட்டுக்கு மேலால் கறுப்பாக ஒன்று எழும்பி வந்தது. பங்குனியில் வரக் கூடாத மழை. ஆட்கள் வானத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். சாக்குகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ஒருவர் கூட அவற்றைத் தொடவில்லை. ஒரு போக உழைப்பு நனைந்து முளைத்துப் போகும் என்று தெரிந்தும் தொடவில்லை. நான் பிறந்த சாதிசனம் இவ்வளவு பிடிவாதமானது என்பதை மறந்துபோயிருந்தேன். என்னையே எனக்கு அது காட்டித் தந்தது.

“தங்கச்சி,” என்றார் காக்கா, திரும்பிப் பாராமல், “மழை உங்கடை கோவத்தைக் கேட்டுக்கொண்டு நிக்காது.”

யோகம் சுளகு நிறைய நெல்லை அள்ளி என் முன்னால் நீட்டினாள். நெல் சுளகில் சலசலத்தது. திங்கட்கிழமை நான் அவளை எழுப்பப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினாள்.

முந்தானையை விரித்தேன். நெல் விழுந்தது. வெயில் குடித்த நெல். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு பிள்ளையின் சூட்டோடு கிடந்தது.

“பொலி, தாயே, பொலி!” என்று கணபதியர் கத்தினார். களம் முழுக்க வேலையில் பாய்ந்து விழுந்தது. நான் மடி நெல்லை இறுக முடிந்துகொண்டு சாக்கு வாயை விரித்துப் பிடித்தேன். யாரும் சொல்லவில்லை. யோகம் கொட்டினாள், நான் பிடித்தேன், ஒருவர் தைத்தார், காக்கா முதுகில் ஏற்றினார். பெரிய பெண் மலர் சிந்தினதைக் கூட்டினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் விடுகிற குரல் எனக்கு எங்கிருந்தோ வந்தது. படங்கை இந்தப் பக்கம் இழு, கயிற்றை அந்தப் பக்கம் கட்டு என்று ஆட்களை ஏவினேன். கணபதியர் கூட ஓடினார். கடைசி மூட்டைக்கு மேல் படங்கு விழவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. மழை படங்கில் பறை அடித்தது. நாங்கள் எல்லோரும் லொறிக்கு அடியில் குந்தியிருந்து சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் தங்கை வீட்டுக் குசினியில் குரக்கன் பிட்டும் குளத்து யப்பான் மீன் குழம்பும் தின்றேன். இரண்டாம் தரமும் வாங்கித் தின்றேன். தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று வந்தவள்.

ஞாயிறு காலை எருமைத் தயிரும் காட்டுத் தேனும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். மலாயாவில் தகரப் பாலைத் தின்று தின்று என் நாக்குத் தகரமாகியிருந்தது. சின்னவள் தேவி என் மடியில் ஏறி, பெரியம்மா வாயில் தேன் பிரண்டிருக்கிறது என்று தன் உள்ளங்கையால் துடைத்தாள். அந்தக் கையில் அவருடைய கோணல் சுண்டுவிரல். நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன்; தேன்தான் பிசுபிசுத்தது.

குளிக்கக் குளத்துக்குப் போனோம். வவுனிக்குளம் கடல் மாதிரிக் கிடந்தது, செத்த மரங்கள் தண்ணீருக்குள் நின்று நாரைகளுக்கு இடம் கொடுத்திருந்தன. பிள்ளைகள் கரையில் சிப்பி பொறுக்கினார்கள். இடுப்புத் தண்ணீரில் நின்று, ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

யோகம் என்னை விளங்காதவள் போலப் பார்த்தாள்.

“நீங்கள் ஓமெண்டு எழுதினதெண்டு அவர் சொன்னவர்.”

“என்னத்துக்கு ஓம்?”

“ஆசையம்மா செய்ததைப் போலை. உங்களுக்குப் பிள்ளை இல்லை, தங்கச்சியெண்டால் பிறத்தியில்லை, அவளே இருக்கட்டும் எண்டு.”

ஆசையம்மா எங்கள் அம்மாவின் தங்கை. பிள்ளையில்லாதவ. தன் புருஷனுக்குத் தன் கடைசித் தங்கையைத் தானே கூட்டிவந்து கட்டி வைத்தவ. ஊர் அவவைக் கையெடுத்துக் கும்பிட்டது. எங்கள் குடும்பத்தில் அது வெட்கமில்லை, பெருந்தன்மை. கலியாண வீடுகளில் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்த கதை. வேறு குடும்பத்தில் போய் இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் நின்றிருக்காது. எங்கள் வீட்டில் அதற்கு ஏற்கனவே பாய் விரித்து வைத்திருந்தோம். அவர் அந்தப் பொய்யைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினது மட்டும்தான்.

“மலர் பிறக்கேக்கை அக்கா வருவா எண்டு பாத்துக்கொண்டு கிடந்தனான்,” என்றாள். “வரேல்லை. கோவமாக்கும் எண்டு நினைச்சன். என்ன கோவமெண்டு விளங்கேல்லை. செத்த வீட்டுக்குப் பெரியத்தான் வந்து சொல்லேக்கைதான் தெரியும், உங்களுக்கு ஒண்டுமே தெரியாதெண்டு. அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை எழுதுறது?”

இரண்டு பேரையும் ஒரே சொல்லால் ஏமாற்றியிருக்கிறார். எனக்குள் எதுவோ கழன்றது. குளத்தின் நடுவைப் பார்த்து, “கள்ளா!” என்று கத்தினேன். நாரைகள் எழும்பின. தண்ணீரின் அந்தக் கரையில் இருந்து என் குரல் திரும்பி வந்தது. நன்றாயிருந்தது. இன்னொருதரம் கத்தினேன். யோகம் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள், பிறகு விட்டாள், பிறகு தானும் வாயைத் திறந்தாள். அவள் ஏசின ஏச்சை எழுத முடியாது. வயலும் மாடும் வாய்க்காலும் பழக்கின ஏச்சு. என் புத்தகத் தமிழ் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

குளக்கட்டின் மேலால் வலையோடு போன ஒருவர் நின்றார்.

“ஆரையம்மா ஏசுறியள்?”

“எங்கடை மனிசனை,” என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அவர் வலையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். நாங்கள் தண்ணீருக்குள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. அம்மாவுக்காக, அவருக்காக, காத்திருந்து போன வருடங்களுக்காக, ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். தனியாக அழ வராத அழுகை துணையோடு வந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். செத்தவரை நான் மன்னிக்கவில்லை. மனம் அவரைத் தேடவும் செய்கிறது. இரண்டும் என்னோடு இருக்கட்டும். ஆனால் தங்கையிடம் மன்னிக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்த அந்தக் காலையில், உடம்பில் இருந்து ஒரு வயது கழன்று தண்ணீரோடு போயிற்று.

திங்கள் காலை மீரான் காக்காவின் லொறியில் நாங்கள் நாலு பேரும் துணுக்காய்க்குப் போனோம். கந்தோர் வாசலில் பெரியத்தான் நின்றார். முந்தின நாள் முழுக்க மாங்குளத்தில் ஒவ்வொரு கோச்சியாகப் பார்த்துக் களைத்த முகம். வேட்டி சால்வை மட்டும் கசங்கவில்லை. யோகத்தைக் கண்டு, வாதாட வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

“பிள்ளை, நீ ஒரு வார்த்தை சொன்னால் காணும்,” என்று என்னை ஒதுக்கிச் சொன்னார். “மிச்சத்தை நான் பாக்கிறன். காணியையும் நான் பாக்கிறன். நீ நிம்மதியா மலாயாவுக்குப் போ.”

“ஓம் அத்தான், சொல்லுறன்,” என்றேன்.

கிளாக்கர் இளம் ஆள், மரியாதையான ஆள். மேசைக்கு முன்னால் இரண்டு கதிரை. ஒன்றில் நான் இருந்தேன், மற்றதில் பெரியத்தான் இருந்தார். யோகம் பிள்ளைகளோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவளும் வரவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்கும் சொல்லியிருக்கவில்லை. எனக்கே அந்தக் கதிரையில் இருக்கும்வரை முழுதாகத் தெரியாது.

“சட்டப்படி பெண்சாதி நான்தான்,” என்றேன். “காணி எனக்கு வேணும்.”

பெரியத்தான் சாய்ந்து உட்கார்ந்தார். வாசலில் மலர் தாயின் சேலையைப் பிடித்தாள்.

வயலில் கமம் செய்யப் போவது யார் என்று கிளாக்கர் கேட்டார். இவ்வளவு காலமும் செய்தவதான் செய்வா என்றேன். நான் மலாயாவுக்குப் போவேன், வருவேன், கொஞ்சக் காலத்தில் வந்து இருந்துவிடுவேன். அவர் பேனாவை நிறுத்தி, வாசலைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

“அப்ப, உங்கடை குடும்பத்திலை ஆர் ஆர், அம்மா?”

“நான். என்ரை தங்கச்சி யோகம். எங்கடை பிள்ளையள் ரெண்டு பேர்.”

பெரியத்தான் எழும்பிவிட்டார். “என்ன கதை இது பிள்ளை? குடும்பமெண்டால் அதுக்கு ஒரு முறை இல்லையோ?”

“முறையைத்தான் சொல்லுறன் அத்தான். தங்கச்சி பெத்தது ஆற்றை பிள்ளையள்? என்ரை மனிசனுக்குப் பிறந்தது ஆற்றை பிள்ளையள்? எந்தப் பக்கத்தாலை எண்ணினாலும் எனக்குத்தான் வருகுது. உங்களுக்கு வேறை ஏதும் கணக்கு வந்தால் சொல்லுங்கோ.”

அவர் கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் சிரிப்பை அடக்கக் குனிந்து மேசையில் எதையோ தேடினார்.

“யோகம்,” என்றேன் திரும்பாமல், “வந்து இரடி.”

சேலை சரசரத்தது. பிள்ளைகளை முன்னால் விட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். பெரியத்தான் எழும்பின கதிரை வெறுமையாகக் கிடந்தது. அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் இருந்தாள். நன்றாகச் சாய்ந்து இருந்தாள்.

பெரியத்தான் நின்றுகொண்டிருந்தார்.